இன்னாசியின் அறைக்குப் போகும் காற்று

நாள் 188 — காலை 8:05

வெளியே மைனஸ் எழுபத்தொன்று. காற்று லேசாக. துளைப்பான் நேற்று எடுத்த பனிக்கட்டி உருகி, தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. பசுமைக் கூடத்தில் கீரை அறுத்தேன். பிராணவாயு சரி.

எழுதுவது சுகிர்தா, செவ்வாய்க் கிரகத்தின் வடபள்ளத்தாக்கு நீர்நிலையப் பொறியாளர். இங்கே இருப்பது இரண்டே பேர், நானும் என் கணவர் இன்னாசியும். அவருக்கு இரத்தப் புற்றுநோய். தலைமை நிலையத்தில் சளிக்காய்ச்சல் பரவிக் கிடப்பதால், ஆள் நடமாட்டமில்லாத இந்த இடமே அவருக்குப் பத்திரம் என்று டாக்டர் மெஹருன்னிசா முடிவுசெய்தார். மருந்துகள் வண்டியில் வந்தன. டாக்டர் வானொலியில் சொல்லித் தருகிறார், நான் ஏற்றுகிறேன்.

இன்று இரண்டாம் சுற்று தொடங்கியது. மருந்து நல்ல சிவப்பு. "ரோஸ்மில்க்கா ஏத்துதட்டி?" என்று கேட்டார். சிரித்தேன். குழாயை இரண்டாவது முயற்சியில்தான் திறந்தேன். அவர் அந்நேரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் பார்த்திருப்பார்.

நாள் 195 — மாலை 4:40

துளைப்பான் ஓடவில்லை. தொட்டித் தண்ணீர் போதும்.

தலையணை முழுக்க முடி. மிச்சத்தை நானே மழித்தேன். வாயெல்லாம் புண். இரத்தச் சோதனையில் வெள்ளையணு ஏறக்குறைய இல்லை. இது எதிர்பார்த்ததுதான், ஆனால் அது திரும்ப ஏறும்வரை ஒரு சிறு கிருமிகூட அவரை அண்டக்கூடாது என்றார் டாக்டர். பாறை மாதிரிகள் வைக்கும் அறையைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, அவரை உள்ளே படுக்க வைத்துக் கண்ணாடிக் கதவை மூடிவிட்டேன். சாப்பாடு சுவர்ப்பெட்டி வழியாக. பேச்சு ஒலிபெருக்கி வழியாக.

"என்னட்டி, ஜெயில்ல பாக்க வந்தவ மாதிரி உக்காந்திருக்க?"

"கொஞ்ச நாள்தாங்க. அணு ஏறுனதும் கதவத் தெறந்துருவேன்."

"கஞ்சில உப்பே இல்ல."

"உப்புப் போட்டா புண்ணு எரியும்லா?"

"எரியட்டும். நாக்கு இருக்குன்னாவது தெரியணும்."

போட்டுக் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய வழிய முழுக்கக் குடித்தார்.

நாள் 198 — காலை 9:30

புழுதிப்புயல். பகலிலும் செம்மண் இருட்டு. சூரியத் தகடுகளில் கால்வாசி மின்சாரம்கூட வரவில்லை. அவர் அறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சூட்டைக் குறைத்துவிட்டேன். இரண்டு சட்டைமேல் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கான இரத்தத் தட்டணுக்களும் கூடுதல் மருந்துகளும் ஏற்றிவந்த வண்டி பாதி வழியில் நிற்கிறது. டாக்டரின் செய்தி:

"சுகிர்தா, பத்தடி தூரம்கூடத் தெரியலன்னு டிரைவர் சொல்றார். புயல் அடங்கினதும் கிளம்பிடுவாங்க. ஜுரம் மட்டும் வராம பார்த்துக்குங்க. வந்தா உடனே சொல்லுங்க."

பசுமைக் கூடத்து ஈரம் குளிர்ந்த சுவர்களில் வியர்த்துக் கொட்டுகிறது. துடைத்து முடிப்பதற்குள் தொடங்கிய இடம் மறுபடி நனைந்துவிடுகிறது.

நாள் 201 — பகல் 11:20

நேற்று கீரைப் பாத்திக்கு மேலே சுவரில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். துடைத்தேன். இன்று காற்றுக் குழாயின் வாயிலும் இருக்கின்றன. பூஞ்சை. படம் எடுத்து அனுப்பினேன். பதில்:

"நேரா சொல்லிடறேன். இப்ப அவருக்குப் புற்றுநோயைவிட இதுதான் ஆபத்து. நுரையீரல்ல போய் உக்காந்துட்டா, எதிர்த்து நிக்க அவர் உடம்புல ஆளே இல்ல. இதுக்கான மருந்து வண்டியிலதான் இருக்கு. அவர் அறைக்குப் போற காத்து சுத்தமா இருக்கணும். வேற எது போனாலும் பரவாயில்ல."

செடிகள் அத்தனையையும் பிடுங்கி வெளியே வீசினேன். கிடந்த இடத்திலேயே உறைந்துபோயின. கூடத்தை அடைத்துவிட்டேன். எங்கள் மூச்சில் பாதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சேமிப்புத் தொட்டியின் பிராணவாயுவை வடிகட்டி வழியாக அவர் அறைக்கு மட்டும் திருப்பினேன். இந்தப் பக்கம் தேங்கிக் கிடக்கும் காற்று எனக்குப் போதும். முகமூடி இருக்கிறது.

"ஏட்டி, ஒம் பக்கம் காத்து எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"பொய் சொன்னா ஒனக்குக் காது செவக்கும். கிட்ட வா, பாக்கேன்."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நாள் 204 — மாலை 5:15

புயல் அடங்கவில்லை. தலைவலி. இருமல். தொண்டையில் புழுதி என்று அவரிடம் சொன்னேன். காலையில் கழற்றிய முகமூடியின் உள்பக்கம் சாம்பல் நிறக் கறை இருந்தது.

அடுத்த மருந்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார் டாக்டர். இன்னாசி ஒத்துக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியில் அவரே டாக்டரிடம் கேட்டார்.

"தள்ளிப்போட்டா நோவு திரும்ப ஏறும்லா டாக்டர்?"

டாக்டரின் பதில்: "ஏறலாம். ஆனா இப்ப குடுத்தா நீங்க தாங்க மாட்டீங்க."

இன்னாசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வைத்த கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. கோபம் வந்தது எனக்கு. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கஞ்சியை நானே நின்றபடி குடித்தேன்.

நாள் 206 — பகல் 12:10

வெள்ளையணு ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருக்கிறது! எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இனிமே ஒங் கையால சோறு ஊட்டிவிடணும், சொல்லிட்டேன்" என்றார்.

வானமும் சற்று வெளுத்திருக்கிறது. வண்டி நாளை கிளம்பக்கூடும்.

நாள் 207 — காலை 7:50

அவருக்குக் காய்ச்சல், 38.6. இருமுறை பார்த்தேன். 38.7.

கையிலிருந்த பாக்டீரியா மருந்தைச் சுவர்ப்பெட்டியில் வைத்தேன். தோள்பட்டைக் குழாயில் அவரே ஏற்றிக்கொண்டார். மூடியைத் திறக்கவே அவருக்கு நேரமாயிற்று.

அதன்பின் காற்றுக் குழாயைக் கழற்றி வடிகட்டியைப் பார்த்தேன். என் பக்கம் வெறும் ஈரம். அவர் அறையைப் பார்த்த பக்கம் முழுக்கக் கறுப்பு, வெல்வெட் துணிபோல அடர்த்தியாக. தொட்டியிலிருந்து வரும் காற்று கடுங்குளிர். அறையின் வெதுவெதுப்பு பட்டு அந்த இடத்தில் நீர் கட்டியிருக்கிறது. குழாயில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பூஞ்சை வடிகட்டியை ஊடுருவி மறுபக்கம் வளர்ந்துவிட்டது. இத்தனை நாளும் அவருக்கு என்று நான் அனுப்பிய காற்று அதன்மேல் பட்டுத்தான் போயிருக்கிறது. பசுமைக் கூடம், சுவர், என் முகமூடி எல்லாவற்றையும் பார்த்தேன். இதை மட்டும்…

டாக்டருக்குச் சொன்னேன். "நான் சொன்னதைத்தானே நீங்க செஞ்சீங்க, சுகிர்தா" என்று மட்டும் பதில் வந்தது.

மாற்று வடிகட்டி போட்டாயிற்று. அதுதான் கடைசி.

நாள் 207 — மாலை 6:00

39.4. மூச்சு வேகமாக வாங்குகிறார். நெஞ்சில் வலது பக்கம் குத்துகிறதாம். எனக்கும் இருமினால் நெஞ்சு வலிக்கிறது, சளியில் இரத்தக்கீற்று. வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வானொலியில் இரைச்சல்.

நாள் 208 — பகல்

கடிகாரம் பார்க்கவில்லை. வெளிச்சம் இருக்கிறது.

வானொலி விட்டுவிட்டு வந்தது. "…கிளம்பிட்டாங்க… பாதை மூடி… சுத்தி வரணும்… கதவைத் திறக்காதீங்க, உங்க மேலயும் அது…" அப்புறம் ஒன்றுமில்லை.

"சுகி."

"இருக்கேங்க."

"இருமுதது நீயா, நானா?"

"தெரியலங்க."

"அப்ப நடுவுல எதுக்குட்டி இந்தக் கண்ணாடி?"

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

அறை சூடாக இருக்கிறது. அவர் அதைவிடச் சூடாக இருக்கிறார். எலும்பும் தோலுமாக இவ்வளவு லேசாகிவிட்டார் என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. தலையை என் மடியில் வைத்திருக்கிறேன். "காது செவந்துதான் இருக்கு" என்றார். அதன்பின் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இருக்கிறது. என் கையை விடமாட்டேன் என்கிறார். இடது கையால் எழுதுகிறேன்.

வண்டியில் வருகிறவர்களுக்கு. உள்ளே வரும்முன் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். சுவரைத் தொடவேண்டாம். பூஞ்சை மருந்தை முதலில் அவருக்கு ஏற்றுங்கள். நான் எந்த நிலையில் கிடந்தாலும் முதலில் அவருக்கு. கையில் நரம்பு தேடாதீர்கள், எல்லாம் சுருங்கிவிட்டன. வலது தோள்பட்டைக்குக் கீழே குழாய் வைத்திருக்கிறது. மெதுவாக ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் அவருக்கு வலிக்