அந்தியேட்டிச் சவர்க்காரம்

மச்சாள்,

இன்று காலை சாமி அறைக் கதவைத் திறந்தபோது கற்பூரத்தையும் முந்திக்கொண்டு சிவப்புச் சவர்க்காரத்தின் வாசம் வந்தது. இந்த வெள்ளவத்தை பிளாட்டில் பெட்டி அடுக்க வேறு இடமில்லை. உங்கள் கிளினிக்குக்குப் போகவேண்டிய சவர்க்காரப் பெட்டிகளைப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வன்னியிலிருந்து நீங்கள் வந்து இறங்கும் நாட்களில் இந்த வாசம்தான் முதலில் வீட்டுக்குள் நுழையும். பிறகுதான் நீங்கள்.

உங்கள் தம்பியைக் கலியாணம் முடித்த புதிதில் நான் உங்களைப் பார்க்க வன்னிக்கு வந்த கிழமைதான் கிளினிக்கின் புதுக் கட்டடத்துக்கு ரிபன் வெட்டினார்கள். அங்கே தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல மாதுவாக இருந்த நீங்கள் வெள்ளைச் சீலையோடு ஒரு ஓரமாக நின்றீர்கள். வந்திருந்த பெரிய அதிகாரி, படத்துக்காக ஒரு கைக்குழந்தையைத் தூக்கப் போனார். நீங்கள் நடுவில் போய் நின்றீர்கள்.

"சேர், முதல்ல கையைக் கழுவுங்கோ. பிள்ளைக்கு இன்னும் ஒரு மாசமும் ஆகேல்ல."

அவர் சிரித்துக்கொண்டே பளபளவென்றிருந்த புதுக் குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் திருகினார். படம் எடுக்க வந்தவர் கமராவை இறக்கிவிட்டார்.

"தண்ணி இன்னும் வரேல்ல, சேர். திறப்பு விழா முந்திட்டுது."

குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னீர்கள். அடியில் குழாய் பூட்டிய பிளாஸ்டிக் வாளியைக் காட்டி, அவர் கையில் சவர்க்காரத்தை வைத்தீர்கள். அந்த வாளித் தண்ணீர், தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடக் கிணற்றில் நீங்கள் காலையில் அள்ளி வந்தது. ஓய்வு பெறும்வரை அள்ளினீர்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வரவேயில்லை.

கிளினிக்கில் வைக்கும் சவர்க்காரம் அடிக்கடி காணாமற் போகும். கயிற்றில் கட்டிவைக்கச் சொன்னேன். "கொண்டுபோகட்டும் பிள்ளை. எங்க போனாலும் அது கையைத்தானே கழுவப் போகுது" என்றீர்கள். உப்புக்கும் புளிக்கும் கணக்கு எழுதுகிற எனக்கு அப்போது அது செரிக்கவில்லை.

பிறகு புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற கொழும்புக்கு வந்து எங்களோடு இருந்தீர்கள். ஒரு நாள் பூசை முடித்துத் திருநீறோடு வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"கழுவினீரோ?"

"சாமி கும்பிட்ட கை, மச்சாள்."

"கழுவிட்டு வந்து பூசும். பிள்ளையார் கோவிக்க மாட்டார்."

எனக்குத்தான் கோபம் வந்தது. ஆனாலும் கழுவிவிட்டு வந்துதான் பூசினேன்.

நீங்கள் போனபின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களுக்கு உங்கள் பெயர் பொறித்த எவர்சில்வர் பேணி கொடுக்கவேண்டும் என்றார் உங்கள் சின்னம்மா. என் அலுமாரியில் ஏற்கெனவே எத்தனையோ செத்தவர்களின் பேணிகள் இருக்கின்றன. ஒன்றிலாவது நாங்கள் தேநீர் குடித்ததில்லை. அந்தக் காசில் பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து கிளினிக்குக்குக் குழாய் இழுப்போம், வருபவர்களுக்கு ஆளுக்கொரு சவர்க்காரம் போதும் என்றேன்.

"செத்த வீட்டில ஆரும் சவுக்காரம் குடுப்பினமோ? சனம் கதைக்கும்!"

"கதைக்கட்டும் மாமி. கதைச்சுப்போட்டுக் கையைக் கழுவட்டும்."

"உமக்கு வாய் கூடிப்போச்சு."

உங்கள் தம்பி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அக்கா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவா" என்றார். அத்தோடு முடிந்தது.

அன்று சிலர் சவர்க்காரத்தைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். சின்னம்மா தன்னுடையதைத் தொடவேயில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டேன். இங்கே அடுக்கியிருப்பவற்றில் முதற்பெட்டி அதுதான். மற்றவை, பிறகு மனம் மாறியவர்கள் கிளினிக்குக்கென்று கொண்டுவந்து தந்தவை.

குழாய் இழுப்பது லேசாக இருக்கவில்லை. வன்னிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சுகாதார அலுவலகத்தில் கேட்டேன். "அம்மா, இது அரசாங்கக் கட்டடம். ஒதுக்கீடு வருமட்டும் பொறுக்கவேணும்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். "வயித்தில இருக்கிற பிள்ளை பொறுக்குமோ, சேர்?" என்றேன். கையெழுத்துக் கிடைக்கும்வரை எழும்புவதில்லை என்று அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து சாமிப் பாட்டுப் படித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. மறுநாளும் போனேன். பாட்டுக்குப் பயந்தோ பிள்ளையாருக்குப் பயந்தோ, கையெழுத்துப் போட்டார்.

நேற்று, உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை கோல் எடுத்தாள். "அக்கா, இதைக் கேளுங்கோ" என்று போனைக் குழாயடியில் பிடித்தாள். முதலில் காற்று இருமியது. பிறகு தண்ணீர் விழுந்தது, மச்சாள். தொட்டியில் அடித்து விழுகிற சத்தம். நான் போனைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பெரிய சேர் வந்து ரிபன் வெட்டுமட்டும் ஒருத்தரும் பாவிக்கக்கூடாதாம், அக்கா. பூட்டிவைக்கச் சொல்லுகினம்."

"ரிபன் கட்டுறதெண்டால் கட்டட்டும். குழாயைப் பூட்ட விடாதையும்."

"சேர் வந்து ஏசினால் என்ன செய்யிறது?"

"முதல்ல கையைக் கழுவச் சொல்லும்."

அவள் சிரித்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

இனி உங்கள் படத்துக்குத் திருநீறு பூசவேண்டும். கழுவிவிட்டேன், மச்சாள்.