உங்கள் கை, அவன் முகம்

நீங்கள் தலைவராயிருந்த தமிழ்ச் சங்கத்தின் பத்தாவது ஆண்டு மலர் தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் அச்சு மையின் வாசனை. நீங்கள் எந்தப் புத்தகத்தையும் முதலில் முகர்ந்துவிட்டுத்தான் வாசிப்பீர்கள். நானும் முகர்ந்தேன். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். தோர்ண்டன் ஹீத்தில் சங்க மண்டபத் திறப்பு விழாவில் நீங்கள் விளக்கேற்றிய படம். உங்கள் வேட்டி, உங்கள் சால்வை, பக்கத்தில் நான். கழுத்துக்கு மேலே மட்டும் இப்போதைய தலைவன் வாகீசனின் முகம்.

இஞ்சேருங்கோ, செத்த பிறகும் உங்களை விடுகிறார்கள் இல்லை.

ஷிப்ட் இல்லாத நாட்களில் மற்ற மனிதர்கள் பெண்சாதியைக் கடைகண்ணிக்குக் கூட்டிப் போவார்கள். நீங்கள் என்னை அருங்காட்சியகத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் கல் தலைகளுக்கு முன்னால் நிறுத்திவைப்பீர்கள். எனக்குக் கால் கடுக்கும்.

"பழைய ராசாவைக் கவிழ்த்தாப் பிறகு சிலையை வீணாக்க மாட்டாங்கள். முகத்தை மட்டும் செதுக்கிப் புது ராசாவாக்கிப் போடுவாங்கள். காதைப் பாரும், அது பழையவன்ரை."

"காதை ஏன் விட்டவங்கள்?"

"அவசரம்தான், வேறை என்ன."

தகுதியானவனைத் தேடித் தத்தெடுத்து ஆட்சியைக் கொடுத்த சக்கரவர்த்திகள்தான் உங்களுக்குப் பிடித்தவர்கள். நமக்குப் பிள்ளை இல்லாததாலோ என்னவோ, பாரிசிலிருந்து வந்த வாகீசனைக் கொண்டுவந்து நீங்களும் செயலாளராக்கினீர்கள். எனக்குப் பிறகு இவன்தான் என்று சபையிலேயே சொன்னீர்கள். "காவல்காரரே ராசாவைக் கொன்றுபோட்டுச் சிம்மாசனத்தை ஏலம் விட்ட கதையும் நீங்கள் சொன்னதுதானே" என்றேன். சிரித்தீர்கள்.

நெஞ்சு ஒப்பரேஷனுக்காக நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமையில் அவன் கூட்டம் வைத்தான். தலைவருக்கு இனி ஏலாது என்றான். நீங்கள் சேர்த்த ஆட்களே கை உயர்த்தி அவனைத் தலைவனாக்கினார்கள். "பொடியன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், நானே குடுத்திருப்பன்" என்றீர்கள். அந்த மாரிக் குளிர் முடியமுன்னமே போய்விட்டீர்கள். செத்தவீட்டில் அவன் என்னைவிடச் சத்தமாக அழுதான். அன்றே அவன் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும்.

படத்தில் காதைத் தேடினேன். காதையும் மாற்றியிருந்தான். பிறகு கையைப் பார்த்தேன். இடக்கை.

மண்டபம் திறந்த அன்றைக்குப் பதற்றத்தில், இடக்கைப் பழக்கதோஷத்தில், மெழுகுதிரியை இடக்கையால் வாங்கிக் குத்துவிளக்கை ஏற்றிவிட்டீர்கள். ஐயர் முகம் சுளித்தார். சங்கம் உருப்படாது என்று சொல்லி, உறுப்பினர்களில் மூத்தவரான கணபதிப்பிள்ளை அண்ணை எழும்பிப் போனார். ரெயினில் வீடு வரும்வரை நான் உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவுக்குப் போனேன். வாகீசன் மேடையில் வலக்கையால் விளக்கேற்றி முடியும்வரை பொறுத்திருந்தேன். பிறகு மலரைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

"தம்பி, மண்டபம் திறக்கேக்கை இடக்கையாலை கொளுத்தினனீர். இண்டைக்கு ஏன் வலக்கை?"

அவன் முழித்தான். "அன்ரி, அது டிசைன் செய்த ஆள் விட்ட பிழை."

"அப்ப பக்கத்திலை நிக்கிற நான் உமக்கு மனிசியோ?"

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கணபதிப்பிள்ளை அண்ணை ஊன்றுகோலோடு எழும்பினார். "அது பழைய தலைவரின்ரை கை. அதைக் கண்டு கோவிச்சுக்கொண்டு போனவன் நான்தான்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மேடையை விட்டு இறங்கினான்.

நேற்றுப் பழப்பையோடு வாசலில் வந்து நின்றான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்று கதவுக்கு வெளியே இருந்து சொன்னான். நீங்கள் என்றால் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். அந்தக் குணம்தான் உங்களைக் கவிழ்த்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

அவன் பதவி விலகிவிட்டான், வருகிற மாதம் புதிய தலைவர் தெரிவு. என்னை நிற்கச் சொல்கிறார்கள். ஓம் என்றுவிட்டேன். உங்கள் ராசாக்கள் செய்ததுபோல் அவன் பெயரை எங்கேயும் அழிக்க மாட்டேன், பயப்படாதீர்கள். மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மண்டப வாசலில் மாட்டப்போகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் காலமெல்லாம் அந்தக் கையையும் முகத்தையும் பார்க்கட்டும்.

உங்கள் படத்துக்கு இப்போது நான் இடக்கையால்தான் விளக்கேற்றுகிறேன். முதலில் திரி சரிந்தது, இப்போது பழகிவிட்டது. பதவியேற்கிற அன்றும் அந்தக் கையால்தான் ஏற்றுவேன். எழும்பிப் போகிறவர்கள் போகட்டும்.