கறை இருக்க வேண்டிய பனியன்

திருப்பூர்,
11.8.2006

அன்புக் கண்ணு முகிலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தைச் சாம்பிள் பனியன் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

போனில் நீ அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டாம். உங்கள் பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு நம் பிரிண்டிங் யூனிட்டில் பனியன் அடிக்கச் சொல்லிப் படம் அனுப்பினாய். படம் முழுக்க மைத் திட்டு, கீறல், பாதி அழிந்த எழுத்து. ஒரு பொட்டு மை சிந்தினாலும் பனியனை ஓரமாகத் தூக்கிப் போடுகிற மனுசன் உங்கப்பா. கெட்டுப்போன படத்தை அவசரத்தில் அனுப்பிவிட்டாய் என்று நினைத்து, அச்சுக்கு எடுத்த பிலிமில் ஒவ்வொரு திட்டாகச் சுரண்டி, எழுத்தையும் நேராக்கிச் சுத்தமாக அடித்து வைத்தார். அமெரிக்காவில் படிப்பைப் பாதியில் விட்டு நீ டிரம் அடிக்கப் போனதிலிருந்து உன்னோடு பேசாதவர், இந்த வேலையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. நான் அதைச் சொன்னதும், அவரைப் போய், எல்லாத்தையும் கெடுத்துட்டார் என்றுவிட்டாயே. நானும் அதை அப்படியே அவரிடம் சொல்லித் தொலைத்தேன். என் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், நீ அனுப்பிய சிடியை அவரே போட்டார். அப்பப்பா, பல்லடத்துத் தறிக்கூடத்துக்குள் சண்டை நடக்கிற மாதிரி இருந்தது. கார் ஷெட்டில் பதிந்தோம், எதையும் திருத்தவில்லை என்று பெருமையடித்தாயே, அது நன்றாகவே தெரிந்தது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு பாட்டு முடிந்ததும் யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே இருமல். எட்டிப் பார்த்தால், அந்த இடத்தையே மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நம்ம பையன் இருமறதுதானே இது? ஒருத்தனும் இதைத் தொடைச்சுப் போடலை பாரு" என்றார்.

சின்ன வயதில் நெஞ்சுச்சளியோடு உன்னைத் தோளில் போட்டு நடந்தவருக்கு அது தெரியாதா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நீ அனுப்பியபடியே புது பிலிம் எடுத்து அடித்தார். செக்கிங்கில் பழுது பார்த்துப் பிரிக்கிற கருப்பாத்தாள் பழக்கதோசத்தில் அத்தனையையும் ரிஜெக்ட் கூடையில் தள்ளிவிட்டாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, இந்தக் கறையெல்லாம் இருக்கோணும் அம்மணி என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். யூனிட்டே சிரித்தது.

பனியனுக்கு அடியில் சுக்கும் சித்தரத்தையும் இருக்கும். நான் வைக்கவில்லை. அடுத்த முறை கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுக்கச் சொல். அவர் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே கண்ணு. காதில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்.

கர்த்தர் உன்னைக் குளிரிலிருந்தும் கோபத்திலிருந்தும் காக்கட்டும்.

உன் அம்மா,
விஜயகுமாரி டேனியல்