பெயர் மாற்றிய பெண்

அன்புத் தங்கச்சிக்கு,

இதைப் போனில் சொல்ல ஏலாது. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அங்கே தபாலில் போடுவார்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய உன் ஆய்வுக் கட்டுரையை இனி யாரும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னாய். நானும் சந்தோஷப்பட்டேன். இங்கேயும் வாசிக்கிறார்கள்.

புதன்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். ஒருவர் தன் போனில் உன் கட்டுரையைக் காட்டினார்.

“உங்கட தங்கச்சி நல்லா எழுதியிருக்கிறா. இந்த இறக்கக்கண்டி அம்மா ஆர்?”

தெரியாது என்றேன். நீ பெயரை மாற்றித்தான் எழுதினாய். ஆனால் புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகு தனியாகத் தோணி எடுத்த பெண் அந்த ஊரில் வேறு யார்?

அவர்கள் போன உடனே இறக்கக்கண்டிக்குப் பஸ் ஏறிப் போய்க் கனகேஸ்வரி அக்காவிடம் சொன்னேன். கட்டுரையை எடுக்கச் சொல்லவா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. எத்தனை கந்தோரில அதிகாரியளிட்டச் சொன்னனான், ஒருத்தரும் கேக்கேல்லை. இப்பதான் சனம் வாசிக்குது.”

“அவங்கள் இஞ்ச வந்தா?”

“வரட்டும்.”

நேற்று மறுபடி போனேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு கரிந்திருந்தது. தோணி கரையில்தான் நிற்கிறது. அயலில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

கட்டுரையை எடுக்காதே. அக்காவின் சொந்தப் பெயரையும் படத்தையும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அதில் போடு. உலகம் தேடுகிற ஒருத்தியை ஒளித்துவைப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

நீ இப்போது ஊருக்கு வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே.

உன் அண்ணன்