எழுபத்திரண்டு சீட்டும் நிரம்பின நாள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நாலு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் இந்த வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன், இந்தத் தடவை பொய் கலக்காமல் எழுதுகிறேன், இரண்டு பேரும் நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்குப் போனில் நான் அழுதேன், நீ அழுதாய், அழுது முடிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அப்பாவுக்குச் சிறுநீரகம் கிடைத்தது, ஆபரேஷன் முடிந்தது, இந்த இரண்டைத் தவிர உனக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் நீ எப்போது கூப்பிட்டாலும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாத்திரைச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு ரூம் எடுத்து வந்து பதினோரு நாள் ஆகிறது. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். நான் ஆதியோடந்தமாக எழுதிவிடுகிறேன், நீயும் ஒரு இடத்தில் உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படிக்காதே.

நம் ஊர் விமானத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று நான் புலம்பினபோது என் வேலை போகிறதே என்ற கவலை என்று நீ நினைத்துக்கொண்டாய். இருபத்திரண்டு வருஷம் ஏர்போர்ட் கவுன்டர்ல நின்னது போதும்மா, காலை நீட்டி உட்காரு என்றாய். வேலையா எனக்குப் பெரிசு? சிறுநீரகத்துக்காக அப்பா பேர் போட்டிருந்த பட்டியலுக்கு ஒரு விதி உண்டு, கூப்பிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் இங்கே வந்து சேர முடிகிறவர்களைத்தான் அதில் வைத்திருப்பார்கள். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், ரோட்டில் பதினோரு மணி நேரம். விமானம் நின்ற மறுநாளே அப்பா பேரை அடித்துவிடுவார்கள். பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மாவே போனில், முப்பதாம் தேதி வரைக்கும்தான் என்னால வெச்சிருக்க முடியும், என்னை மன்னிச்சிருங்க என்று சொன்னார். இதை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஓடி வருவாய். உன் ரத்தமும் அவருக்குச் சேராது, என் ரத்தமும் சேராது, வந்து இரண்டு பேருமாகக் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். திட்டுவதாக இருந்தால் இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுத் திட்டு.

விமானத்தை நிறுத்த விமானக் கம்பெனிக்காரன் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான், எழுபத்திரண்டு சீட்டில் சராசரி பதினாலு பேர். அது பொய்யில்லை, ஏற்றி அனுப்புகிறவளே நான்தானே. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஊரில் நடந்த கூத்து இருக்கிறதே, அப்பப்பா! நகராட்சித் தலைவர் ஓடுபாதைக்கு நிலம் தராததால்தான் விமானம் போகிறது என்றார் எம்.பி. எம்.பி. டெல்லி சபையில் பொம்மை மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் போகிறது என்றார் தலைவர். காலையில் இவர் ஊர்வலம், சாயங்காலம் அவர் ஊர்வலம், நடுவில் கடைக்காரர்கள் ஷட்டரை ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் பாதியில் விட்டு வைத்திருந்தார்கள். இதில் எம்.பி.யின் உதவியாளர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார், அப்பா கையில் டயாலிசிஸ் ஊசி போட்டுப் புடைத்திருக்கிறதே, அதைப் படம் எடுத்துப் பேனர் வைக்கலாமாம். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, தம்பி, எனக்கு ஒண்ணுக்கு வரலைங்கிறது எனக்கும் என் பொண்டாட்டிக்கும் தெரிஞ்சா போதும், நாலு ரோட்டுல எல்லாருக்கும் தெரிய வேணாம் என்று அனுப்பிவிட்டார். நான் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகுதான் இருக்கை நிரப்பும் போராட்டம் என்று ஒன்றை எம்.பி. கண்டுபிடித்தார். பத்தொன்பதாம் தேதி விமானத்தில் ஒரு சீட்டுகூடக் காலியாக இருக்கக் கூடாது, கம்பெனி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்துவிட்டுத் தன் ஆட்களுக்கு முப்பத்து மூன்று சீட்டுப் போட்டார். பேர் அவருக்குப் போய்விடுமே என்று தலைவர் மிச்சமிருந்த முப்பத்திரண்டையும் அன்றைக்கே போட்டுவிட்டார். ஒன்று குறைந்துவிட்டதே என்று அவர்கள் ஆபீஸில் ஒரு தனிச் சண்டை நடந்ததாம். ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் ஏழு பேர், ஆக எழுபத்திரண்டும் நிரம்பிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் முழுசாக நிரம்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் யாரும் யோசிக்காத ஒரு விஷயம், டிக்கெட் போட்டவர்கள் ஏற வேண்டும் இல்லையா! கம்பெனி கணக்கெடுப்பது ஏறின தலைகளைத்தான். இதை நான் படித்துப் படித்துச் சொன்னேன். அதற்கு ஒருத்தர், அதான் டிக்கெட் போட்டாச்சேக்கா, ஏற வேற ஏறணுமா என்று என்னையே கேட்டார். இன்னொருத்தர், அவங்களோட ஒரே விமானத்துல உக்காருறதுக்கு நான் நடந்தே போவேன் என்றார். இப்படி அன்றைக்கு அறுபத்தைந்து பேரும் ஏர்போர்ட் வாசலில் இரண்டு கூட்டமாக நின்று, பறக்க விடு பறக்க விடு எங்க விமானத்தைப் பறக்க விடு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். விமானம் உள்ளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் போன் அடித்தது. பகல் பன்னிரண்டு ஐந்து. பட்டியல் அம்மா, உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு வந்திருக்கு, ஆறு மணிக்குள்ள வந்திருங்க, வாயில ஒண்ணும் போட வேணாம்னு சொல்லுங்க என்றார். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னால் மனுஷன் முதலில் கேட்டது, தட்டுல போட்டுட்டேனே, சாப்பிட்டுட்டு வரலாமா என்று. எனக்கு வந்த கோபத்தில் போனிலேயே போட்ட கத்தலுக்கு பெட்டி பார்க்கிற ஸ்கேனர்காரர் எழுந்து நின்றுவிட்டார். எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், கூட்டத்தால் வண்டி உள்ளே வர முடியாமல் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு கொடிகளுக்கு நடுவில் நடந்து வந்தார். வந்து உட்கார்ந்தவரிடம் நான் எப்படிச் சொல்வேன், இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சீட்டுக் கொடுத்தவளிடம் அவருக்கு ஒரு சீட்டு இல்லை என்று?

வெட்கத்தை விட்டு வாசலுக்குப் போய் எம்.பி.யின் உதவியாளரிடம் விஷயத்தைச் சொல்லி ஒரே ஒரு டிக்கெட்டை ரத்து பண்ணச் சொன்னேன். தாராளமாக்கா என்றவர் போனை எடுத்தார், ரத்து பண்ணத்தான் என்று பார்த்தால் போட்டோக்காரரைக் கூப்பிடுகிறார், எம்.பி. கையால் சீட்டுக் கொடுப்பது மாதிரி ஒரு படம் வேண்டுமாம். அது எதிர்க் கூட்டத்தின் காதில் விழுந்துவிட்டது. அக்கா, அவங்க சீட்டு எதுக்கு, நம்ம தலைவர் தருவார் என்று அவர்கள் வர, நீ யாருடா குடுக்க என்று இவர்கள் தள்ள, சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தனும் போனில் அந்த ஒரு பொத்தானை அமுக்கவில்லை. அப்பா கண்ணாடிக்கு உள்ளே பையை மடியில் வைத்துக்கொண்டு, பாரு, எனக்கு வந்த மவுசை என்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவா, நாலு சாத்து சாத்தவா என்று இருந்தது.

கடைசியில் எனக்கு ஒரே வழிதான் மிச்சம். இரண்டு பத்துக்கு விமானம், ஒன்று இருபத்தைந்துக்குக் கவுன்டர் மூடுகிறோம், அதுவரை வராதவர்கள் சீட்டெல்லாம் காலிக் கணக்கில் வந்துவிடும். அதுவரை யாரும் உள்ளே வராமல் இருக்க வேண்டும், ஒருத்தன் வந்தால் போட்டிக்கு இரண்டு கூட்டமும் வந்து ஏறிவிடும். ஊரே விமானம் நிரம்ப வேண்டும் என்று கத்துகிறது, நான் ஒருத்தி மட்டும் கடவுளே ஒரு பயலும் ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் மேனேஜர் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஊரில் அவருக்கு நிமிஷம் என்று பேர் வைத்திருப்பது உனக்குத் தெரியும், நீ முதல் முதலில் வேலைக்குக் கிளம்பினபோது ஒரு நிமிஷம் பிந்தியதற்கு உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாரே, அவரேதான். ஒன்று பதினெட்டுக்கு ஒருத்தர் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேக வேகமாக உள்ளே வந்தார். கவுன்டருக்கு வந்து, அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம் என்றார். நல்லா இருப்பான், போய்விட்டு அப்படியே வெளியே போய்விட்டான். ஒன்று இருபத்தைந்தாயிற்று. மேனேஜர் தானே நடந்து போய்க் கவுன்டர் மூடியாச்சு என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். விமானம் நிரம்பிவிட்டது, அதனால்தான் மூடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கூட்டமும் கைதட்டினார்கள்!

நான் ஓடிப்போய் அப்பா பேரை அடிக்க உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பேர் அடித்துப் பழகின விரல், அப்பா பேரில் மூன்று தடவை தப்பு விழுந்தது. மேனேஜர் நகருங்கம்மா என்று என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து அப்பா பேரையும் அடுத்ததாக என் பேரையும் அடித்தார். அடித்துவிட்டு நிமிர்ந்து, சாருக்கு ஜன்னலோரம் போடட்டுமா என்று கேட்டார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. நீ அவர் மேல் வைத்திருக்கிற கோபத்தை இந்தக் கடிதத்தோடு விட்டுவிடு, எனக்காக. எழுபத்திரண்டு சீட்டு விமானத்தில் ஒன்பது பேர் போனோம், எடை சமமாக இருக்க வேண்டும் என்று எங்களைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார்கள், ஜன்னலோரம்தான். அப்பா பசியோடு மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் இன்னும் யூனிபாரத்தில் இருந்ததால் ஒருத்தர் என்னிடம் தண்ணீர் கேட்டார்.

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டோம். வந்ததும் முடிந்துவிடவில்லை, அப்பாவோடு இன்னொருத்தரையும் கூப்பிட்டிருந்தார்கள், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அவர் மனைவியும் என்னைப் போலவே ஒரு பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் ரத்தத்தோடு சேருகிறதோ அவருக்கு. மூன்று மணி நேரம் நாங்கள் இரண்டு பெண்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சேர்ந்தது. அந்த மனுஷன் எழுந்து வந்து அப்பா கையைப் பிடித்து, நல்லா பாத்துக்கங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையும், அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு எங்கோ அழுதுகொண்டிருந்த முகம் தெரியாத வீடும், இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கும்போது நெஞ்சில் நிற்கிறது. மறுநாள் காலையில் நர்ஸ் என்னைக் கண்ணாடிப் பக்கம் கூப்பிட்டு, கட்டிலில் தொங்கின பையைக் காட்டி, பாத்தீங்களாம்மா, வர ஆரம்பிச்சிருச்சு என்றாள். நாலு வருஷமாக ஒரு சொட்டு வராத மனுஷனுக்குப் பை பாதி நிறைந்திருந்தது. தங்க நகையைக் கண்டால்கூட நான் அப்படிப் பார்த்ததில்லையடி.

மற்றபடி ஊர்ச் செய்தி, விமானம் சொன்னபடி முப்பதாம் தேதியோடு நின்றுவிட்டது. நிரம்பின நாளில் ஏறினது ஒன்பது பேர் என்று கம்பெனி அறிக்கை விட, இரண்டு கட்சியும் வாயடைத்துப்போனது ஒரு நாள்தான். இப்போது அப்பாவை அனுப்பி வைத்தது நாங்கள்தான் என்று இரண்டு பேரும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களாம், உனக்கு யாராவது அனுப்பினால் பதில் போடாதே. ஆனால் எனக்கு மனசு முழுசாக ஆறவில்லை. டயாலிசிஸில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பாளே தையல்காரி, அவள் பேரையும் பட்டியலில் இந்த விமானம்தான் பிடித்து வைத்திருந்தது. அவளுக்கு நம் பக்கத்து ரூமைப் பேசி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை மெஷினோடு வருகிறாள், இங்கேயே இருந்து தைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். என் வேலையைப் பற்றிக் கேட்காதே, அது வந்தால் மலை, போனால் மயிர்.

நீ இப்போது டிக்கெட் போட்டுவிடாதே. மூன்று மாதம் யாரையும் கிட்டே விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் வா, வரும்போது சளி இருமல் இல்லாமல் வா. வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, அடக்கிக்கொண்டும் உட்காராதே, இந்த வீட்டில் ஒருத்தர் பட்டது போதும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்து பாத்ரூமுக்குப் போகிறார், மத்தியானத்திலிருந்து இது நாலாவது தடவை. கதவைச் சாத்துவதே இல்லை, சொன்னாலும் கேட்பதில்லை. வேறு நாளாக இருந்தால் ஒரு பாட்டம் திட்டியிருப்பேன். இப்போது பேனாவை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா