கம்பங்கொல்லையில் இரண்டு ஸ்கோப்புகள்

பிப். 11, செவ்வாய்

கள்ளக்குறிச்சியில் காலையிலேயே வெயில். இரண்டு பெட்டி, ஒரு ட்ரைபாட், ஒரு போர்வை. கரியாலூர் பஸ், கடைசி சீட்.

கண்டக்டர்: "இன்னாம்மா, கல்யாண வீடியோவா?"

"இல்லீங்க. பறவை பாக்கிற ஸ்கோப்."

"எத்தினி?"

"ரெண்டு."

"கண்ணுக்கு ஒண்ணா."

பஸ்ஸே சிரித்தது. நானும்.

பெட்டிக்குள் இருப்பவை:

அ – முன்கண்ணாடி 95 மி.மீ. 30 முதல் 70 மடங்கு. கண் வைக்கும் ஐபீஸ் சாய்வு, குனிந்து பார்க்க வேண்டும். தூக்கினால் தோள் இறங்குகிறது.

ஆ – 85 மி.மீ. 25 முதல் 60. ஐபீஸ் நேர். துப்பாக்கி பிடிப்பதுபோல். மூக்குக்கண்ணாடி போட்டவளுக்கு வசதி.

கடைக்காரர் பார்த்துவிட்டுத் தரச் சொல்லி எங்கள் பறவைக் குழுவுக்கு அனுப்பியவை. ஞாயிறு திருப்ப வேண்டும். எதை வாங்கலாம் என்று நான் எழுதித் தர வேண்டும்.

குழுவுக்கு இது ஒப்பீடு. எனக்கு வேறு.

போன வருடம் கரியாலூர்ப் பாறையில் பைரி என்ற வேட்டைப் பறவை ஜோடி கூடு வைத்திருக்கிறது என்று பதிவு போட்டேன். பதிவுகளைச் சரிபார்க்கும் ரகு சார் தள்ளிவிட்டார். என் போட்டோவில் பாறை, பாறையில் ஒரு புள்ளி. "சிற்றெழாலா இருக்கும்மா. அதைவிடச் சின்னது, குளிருக்கு நம்ம பக்கம் வர்றதுதான். ஆசையில பாத்தா எல்லாமே பைரிதான்." குழுவில் எல்லோரும் படித்தார்கள். சிலர் கட்டைவிரல் போட்டார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் ஒரு வருடமாகக் கூடவே வருகிறது. பல் துலக்கும்போது. வகுப்பெடுக்கும்போது. ஆசையில்தான் பார்த்தேனா? கறுப்புத் தலை, செங்கல் நிற வயிறு. பார்த்தேன். ஆனால் நான் மட்டும் பார்த்தது நடந்ததாகுமா. எம்.ஏ. தத்துவத்தில் ஒரு பருவம் முழுக்க இதைத்தான் படித்தோம். அப்போது இது வலிக்கவில்லை.

கரியாலூரில் அறை. சுவரில் பல்லி. தண்ணீர் ஐஸ்.

பிப். 12, புதன்

பனி. எட்டு மணிக்குத்தான் பாறை தெரிந்தது. கம்பங்கொல்லை வரப்பில் ட்ரைபாட். பாறைக்கு அரைக் கிலோமீட்டர். இதற்கு மேல் நெருங்கக் கூடாது. பறவை கூட்டை விட்டுவிடும்.

ட்ரைபாட் காலை விரித்து நிமிர்வதற்குள் கொல்லைப் பரணிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். கையில் கவண்.

"இன்னாங்க அளக்கறீங்க?"

"அளக்கலீங்க. பறவை..."

"மூணு காலு நட்டா அளக்கறதுதான். போன தபா ஒருத்தரு இப்பிடித்தான் சும்மா பாக்கறேன்னாரு. பாத்துட்டு எங்க கொல்லை நடுவுல கல்லு நட்டுட்டுப் பூட்டாரு."

சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆ-வைப் பாறைப் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு எட்டவில்லை. கழற்றி அ-வை மாட்டினேன். சாய்வு ஐபீஸ். குனிந்தாள். கவண் கையிலிருந்து தொங்கியது.

"அட. நம்ம வல்லூறு."

பெயர் செல்வி. என்னைவிட ஒரு வயது சிறியவள். கம்பு முற்றும்வரை பரணில் உட்கார்ந்து கல் எறிந்து கிளி, குருவி விரட்டுவது அவள் வேலை. பாறையில் இருக்கும் 'வல்லூறு' வந்து வட்டம் போட்டால் கொல்லையில் எதுவும் இறங்காதாம்.

"அது வந்தா எனக்கு வேலை கம்மி. வராத அன்னிக்குத் தோளு கழண்டு பூடும்."

பிறகு, பெட்டிகளைப் பார்த்து: "நான் பறவைய வெரட்டிக்கினு கெடக்கறேன். நீ பெட்டி பெட்டியா கொண்டாந்து தேடிக்கினு வர்ற. நல்ல ஜோடிதான்க்கா."

நானும் பார்த்தேன். விளிம்பில் ஒரு பறவை. ஆனால் உருவம் மட்டும், நடுங்கும் உருவம். ஐபீஸில் செல்போனை வைத்துப் பதினோரு படம். பதினொன்றும் கலங்கல். இதில் எதை அனுப்பினாலும் சிற்றெழால்தான்.

பிப். 13, வியாழன்

காற்று. காலையிலிருந்து.

அ – 70 மடங்கில் பாறையே துள்ளுகிறது. 50-இலும் நடுக்கம்.

ஆ – 60-இல் கொஞ்சம் பரவாயில்லை.

பதினொரு மணிக்கு மேல் பாறையில் கானல். இரண்டும் வீண். அதற்குக் கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது.

நடுக்கத்துக்குச் சொல்லலாம். இவ்வளவு பெரிய கண்ணாடி, அதைப் பற்றிக் கடைக்காரர் இவ்வளவு பேச்சு. 'அ வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். உண்மையில் யார்மேல் கோபம்?

ரகு சாரின் செய்தி: "பைரி கிடைச்சுதா?" கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. போனைப் பைக்குள் போட்டேன்.

செல்வி பரணிலிருந்து கத்தினாள்: "பெரிய பொட்டி ஜாஸ்தி ஆடுதுக்கா. கள்ளு குடிச்சிச்சா?"

சாப்பாடு: அவள் கொடுத்த களி. என் பிஸ்கட்டை அவள் வாங்கிக்கொண்டாள்.

பிப். 14, வெள்ளி

இதை மெதுவாக எழுத வேண்டும்.

ஆறு மணி. இருட்டு பிரியவில்லை. காற்று அப்படியே. அ-வை மாட்டிவிட்டுப் போர்வையை எடுக்கத் திரும்பினேன். ட்ரைபாட் சாய்ந்தது. செல்வி பாய்ந்து பிடித்தாள். எனக்கு உயிர் போய் வந்தது, அவளுக்குச் சிரிப்பு.

"இத்தினி பெரிய தலைக்கு இந்தக் காலு பத்துமா? பொறு."

பரணுக்கு ஓடினாள். கவண் கல் போட்டு வைத்திருக்கும் சாக்குப் பையைக் கொண்டுவந்து, மூன்று காலுக்கும் நடுவில் இருந்த கொக்கியில் மாட்டினாள். நல்ல கனம். ட்ரைபாட் தரையில் பதிந்தது.

"இப்ப ஆடட்டும் பாக்கலாம்."

குனிந்தேன். 70 மடங்கு. பாறை நின்றது. பாசி, வெடிப்பு, எச்சத்தின் வெள்ளைக் கோடு, எல்லாம் நின்றன.

நடுங்கியது கண்ணாடி இல்லை. என் கண்ணும் இல்லை. ட்ரைபாட். பஸ்ஸில் தூக்க லேசாக இருக்கட்டும் என்று நானே தேர்ந்தெடுத்த ட்ரைபாட்.

6.25. விளிம்பில் பெரிய பறவை. கறுப்புத் தலை. வெள்ளைத் தொண்டை. செங்கல் வயிறு, அதில் மெல்லிய வரிகள், எண்ணலாம். பைரி. ஒரு வருடம் முன்பு பார்த்த அதே நிறம். சரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அதன் பின்னால் வெடிப்பில் ஏதோ வெள்ளையாக அசைந்தது. பஞ்சு என்று நினைத்தேன். பஞ்சு வாய் திறந்தது.

மூச்சு விட்டால் ஐபீஸில் ஆவி. செல்வியைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணு. ரெண்டு. ஏ, மூணு இருக்குதுக்கா. இன்னொரு வல்லூறு வருது, காலுல கிளி வெச்சிக்கினு."

குளிரில் என் விரல்கள் கேட்கவில்லை. நான் செல்போனைப் பிடித்தேன், அவள் அமுக்கினாள். நாற்பது படம். கிளியின் பச்சை இறகு ஒன்று பாறை வழியே இறங்குவதுவரை.

பிறகு ஆ-வை மாட்டினேன், அதே கல்மூட்டையோடு. நியாயம் வேண்டுமே. பறவையைச் சட்டென்று பிடிக்கிறது, பார்வை வட்டம் அகலம். ஆனால் அந்த வெளிச்சத்தில் இறகு கறுப்பு. வெயில் ஏறிய பிறகுதான் பச்சை. அ-வில் வெயிலுக்கு முன்பே பச்சை.

நேற்றைய 'அ வேண்டாம்'. அடித்துவிட்டேன்.

செல்வி கொல்லையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூணும் பெருசானா எனக்கு வேலையே இல்ல. உக்காந்து துண்ணலாம்."

இறங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை. கண்டக்டர் அதே ஆள். "இன்னாம்மா, கல்யாணம் முடிஞ்சிதா?" முடிந்தது என்றேன். மூன்று குழந்தைகள் என்றேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

பிப். 15, சனி

கள்ளக்குறிச்சி. மேகம். காலை ஏழு மணிக்குப் படங்கள் அனுப்பினேன். ஏழரைக்கு ரகு சார் போன்.

"மூணு குஞ்சு. சிற்றெழால் இங்க கூடு வெக்காது. தப்பு என்னுதும்மா. குழுவுலயே எழுதறேன்."

எழுதினார். போன வருடப் பதிவும் ஏற்கப்பட்டது. அதே கட்டைவிரல்கள், அதே ஆட்கள். ஒவ்வொன்றாக எண்ணினேன். வெட்கமில்லை.

பார்த்தவர்கள் என்ற இடத்தில்: செல்வி, நான்.

ரகு சார்: "செல்வி யாரு? எந்த காலேஜ்?"

நான்: "கம்பங்கொல்லை."

ஒப்பீடு ஒரே பக்கம். வாங்க வேண்டியது அ. அதற்கு முன் கனமான ட்ரைபாட்.

பெட்டி கட்டும்போது ட்ரைபாட் உறைக்குள் ஏதோ உருண்டது. கல். சந்தோஷத்தில் கனம்கூடத் தெரியாமல் சாக்குப் பையையும் சேர்த்துச் சுருட்டி எடுத்து வந்திருக்கிறேன். மொத்தக் கல்லும் இங்கே. கம்பு அங்கே, முற்றும் நேரத்தில். உடனே செல்விக்குப் போன்.

"ஐயோ செல்வி, உன் கல்லையெல்லாம் நானே தூக்கினு வந்துட்டேன். கொல்லை என்னாச்சு?"

"கல்லு இன்னாத்துக்குக்கா. காலையிலேர்ந்து உம் பைரி ரெண்டும் மேலயே சுத்திக்கினு கெடக்குது. ஒரு குருவி எறங்கல. நான் பரண் மேல படுத்துக்கினு பேசறேன்."