மிஷின் ஆயில் வைத்தியம்

ஐப்பசி, புதன்கிழமை.

இன்று எனக்குத் தூக்கம் வராது. என் பேத்தி கவிதா அவசர சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர். வேலையிடங்களில் முதலுதவி கற்றுத்தர, பல நாட்டுப் பயிற்சி டாக்டர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து, அதற்கு அவளைத் தலைவராக்கியிருக்கிறார்கள். முதல் வகுப்பை என் கொழுந்தனாரின் பனியன் கம்பெனியில் வைத்தாள். "பொட்டப்புள்ளைக்கு டாக்டர் படிப்பு எதுக்குங்க அண்ணி, ஓவர்லாக் தையல் மிஷின்ல உக்கார வைங்க" என்று அவள் படிப்பில் சேர்ந்த அன்று சொன்ன அதே மனிதர். அன்று அவர் கட்டியிருந்த வேட்டியின் கரைகூட எனக்கு நினைவிருக்கிறது. இவள் சொல்லி அவர் கேட்பாரா என்றுதான் பயந்தேன்.

அவள் குழுவின் வெளிநாட்டு டாக்டர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விரல்ல ஊசி ஏறுனா என்னங்க பண்ணுவீங்க, சின்னத்தாத்தா?" என்றாள் கவிதா.

"மிஷின் ஆயில் ஊத்துவோம் கண்ணு. முப்பது வருசமா அதான் மருந்து" என்றார் பெருமையாக.

"அதுலதானுங்க சீழ் புடிக்குது. சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. டெய்லர் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் சோப்பு வாங்க ஆள் அனுப்பினார்.

கிளம்பும்போது, "நம்ம புள்ள சாதிச்சிருச்சுங்க அண்ணி" என்றார்.

"நம்ம புள்ள இல்லீங்க, எம்பட பேத்திங்க" என்றேன்.